மேனேஜர் இருப்பதா, போவதா

ஃபைனலில் நாங்கள் தோற்ற அன்று என் தம்பி ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. பூட்ஸைக் கட்டிக்கொண்டு, உதிரி ஆட்டக்காரர்களின் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். ஹாஃப்டைமில் எழுந்து கொஞ்சம் ஓடினான், காலை உதறிக்கொண்டான். மேனேஜர் அவன் பக்கம் திரும்பவில்லை. குரும்பகரத்துப் பையன்கள் இரண்டாவது கோல் போட்டபோது எங்கள் ஊர்க் கூட்டம் வலைக்குள் கிடந்த பந்தைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தது.

நான் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். பெஞ்சின் ஓரத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. தம்பியின் காதுமடல் சிவந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது.

"நீயாவது கேளுக்கா" என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் கேட்கவில்லை. எதற்காக உட்கார வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

எங்கள் மேனேஜரிடம் ஒரே ஒரு விதிதான். ஆட்டத்துக்கு முந்தின வாரம் பிராக்டிஸுக்கு வராதவன் மைதானத்தில் இறங்க மாட்டான். யார் மகன், எத்தனை கோல் போட்டவன் என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. தம்பி அந்த வாரம் முழுக்க வரவில்லை. அப்பாவின் உள்ளங்கையை வலைக்கயிறு அறுத்துத் தையல் போட்டிருந்தது. போட்டில் அப்பாவின் இடத்தில் தம்பி போனான்.

எங்கள் ஊர் கடலோரம். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அதில் போகும் பையன்களுக்கு வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் கால்பந்துப் போட்டிகள் நடக்கும். தடைக்காலத்தின் நடுவில் ஒரு கோப்பை, முடியும் தறுவாயில் இன்னொரு கோப்பை. ஆனால் சின்ன ஃபைபர் போட்டுக்குத் தடை கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது ஃபைபர் போட்டு. விடியுமுன் தொழிலுக்குப் போனால், வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வரும். பிராக்டிஸ் காலை ஐந்தரைக்கு.

மேனேஜர் காரைக்கால் டவுன்காரர். முஸ்லிம். இளம் வயதில் வளைகுடாவில் வேலை பார்த்தபோது அங்கே ஒரு கம்பெனி டீமில் ஆடியிருக்கிறார். திரும்பி வந்து கடைத்தெருவில் பெட்டி, பை விற்கும் கடை போட்டிருக்கிறார். வெளிநாடு போகிறவர்கள் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அவரை 'மேனேஜர் பாய்' என்பார்கள். சம்பளம் வாங்காமல், தினமும் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து, எட்டரைக்குள் கடை திறக்கப் போய்விடுவார். அதிகம் பேச மாட்டார். என்னை அவர் எந்த நாளும் பாராட்டியதில்லை. என்மேல் இரக்கப்பட்டதும் இல்லை. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்தேன். அம்பகரத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. ஆனால் கல்லூரியில் ஒருமுறை ஏதோ ஒரு அசைன்மென்ட்டை நாள் தவறிக் கொடுத்தேன். பேராசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "கடற்கரைப் பொண்ணு, பாவம், வாங்கிக்கலாம்" என்றார். வாங்கிக்கொண்டார். அன்று நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எதையும் நாள் தவறிக் கொடுத்ததில்லை. சலுகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வரும். யாருக்கும் சலுகை தராத ஒரு மனிதர் எங்கள் ஊர் மணலில் விசிலோடு நிற்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

என்னைச் செயலாளராக்கியதும் மரியாதைக்காக இல்லை. முன்பு இருந்தவர் சிங்கப்பூர் போய்விட்டார். மைதானத்துக்கு அனுமதி கேட்டு எழுத, அலுவலகங்களில் போய்ப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுதத்தான் கூப்பிட்டார்கள். நான் செயலாளராகவே போய் உட்கார்ந்தேன்.

தோற்ற மூன்றாம் நாள் மாலை, மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தரையைக் கழுவி விட்டிருந்தும் மீன் வாடை போகவில்லை. மேனேஜர் வெளியே, மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றார். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் உள்ளே வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. பேசி முடித்ததும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தால் சம்மதம். ஒரே ஓர் ஆள் எடுக்காமல் விட்டாலும் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும், அதுவரை பழையபடியே நடக்கும். கழகத்திலும் இதே முறைதான். பெண்களிடம் தட்டு வராது. இரண்டு வருடமாக அது என் மடியைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் பேனாவைத் திறந்து மூடிக்கொள்வேன்.

கழகத் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. அவர் பேச்சை ஆரம்பிக்குமுன்பே மீன் ஏலம் விடும் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"பந்தாட்டத்துக்கு ஆளு வச்சமா, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரு வச்சமா? வந்தியா வரலியான்னு பேரு கூப்புடுறாரு மனுசன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நல்ல மனுசன்தான்" என்றார் பெரியப்பா. "அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா கடையில குந்துறவருக்கு நம்ம பொழப்பு எங்க புரியப் போவுது. நம்ம புள்ளைங்கள நம்ம ஆளு பாத்துக்கிட்டாத்தான் சரிப்படும். நம்ம பழைய கோலி இருக்காரு. அவரு பாக்கட்டும்."

பழைய கோலி என்பது ஒரு காலத்தில் எங்கள் கோல்கீப்பராக இருந்தவர். ஃபைபர் போட்டுக்காரர். தூணில் சாய்ந்து உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "போன வருசம் ஒங்க மவன் கல்யாண வீட்டுக்குப் போயி ஒரு வாரம் வரலன்னு அவன உக்கார வச்சாரு பெரியப்பா. அப்ப எறங்குனது என் தம்பி. அன்னைக்கு எல்லாருந்தான் கை தட்டுனோம்."

"அன்னைக்கு ஜெயிச்சோம்ல ஆயி" என்றார் மாமா.

மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"விதி ஒண்ணுதானே மாமா. ஜெயிச்சா ஒண்ணு, தோத்தா ஒண்ணா?"

"படிச்ச புள்ள, விதிங்குது. கடலுக்குப் போயி சொல்லு. இன்னைக்கி காத்தடிக்காத, பிராக்டிஸு இருக்குன்னு."

பெரியப்பா கையமர்த்தினார். தட்டு சுற்றத் தொடங்கியது. ஒவ்வொருவராக எடுத்தார்கள். பழைய கோலி எடுத்தார். மாமா இரண்டு வெற்றிலையாக எடுத்து மடித்தார். தட்டு வழக்கம்போல என்னைத் தாண்டும்போது பெரியப்பா, "இரு, டீச்சருக்கும் நீட்டு" என்றார். "அவ தம்பி காரியம். நாளைக்கி யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

நான் எடுக்காமல் போவேன் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தம்பிக்காகத்தானே மேனேஜரை அனுப்புகிறார்கள். அதனால்தான் நீட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்பு எந்தப் பெண்ணுக்கும் அந்தத் தட்டு வந்ததில்லை. நான் பார்த்தேன். பித்தளைத் தட்டு, ஓரத்தில் நெளிவு, நடுவில் நான்கைந்து வெற்றிலை, கொஞ்சம் சீவல். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"எடு பாப்பா."

"எனக்குச் சம்மதம் இல்ல பெரியப்பா."

தட்டைப் பிடித்திருந்தவர் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாமா மெதுவாகச் சொன்னார்: "நீட்டிப்புட்டமேய்யா." தட்டு ஒருமுறை ஒருவருக்கு நீட்டப்பட்டால், அதற்குப் பிறகு அவரைத் தாண்டிப் போக முடியாது. அதுவும் வழக்கம்தான். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட, தானே வலையைக் கிழித்துக்கொண்டவரின் எரிச்சல்தான் இருந்தது. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே வந்தபோது மேனேஜர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார். "காலையில அஞ்சரைக்கு இருக்கு, இன்ஷா அல்லாஹ்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே பேசினாள்.

"ஊரே எடுத்த வெத்தலைய இவ எடுக்கலையாம். ஒங்கையி என்னாடி, தங்கக் கையா? கூடப் பொறந்தவன் பெஞ்சுல குந்தியிருந்தத பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அப்பா கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். "அவ எடுக்காம மிச்சம் வச்ச வெத்தலைய எனக்காவது எடுத்தாந்திருக்கலாம்" என்றார். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அப்பா எனக்காகப் பேசவில்லை என்பது புரிந்தது. ஆனாலும் அந்த வாரத்தில் வீட்டில் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி பேசவே இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவன் எழுந்து போனான். சட்டை மடித்து வைத்தால் கலைத்துவிட்டு வேறு சட்டை எடுத்துக்கொண்டான்.

விடுமுறையிலும் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருந்ததால் நான் தினமும் அம்பகரத்தூர் போய் வந்தேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மீன் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள் எப்போதும் என்னிடம் ஏதாவது கேட்பார்கள். எந்த ஆபீஸில் எந்த ஜன்னல், ரேஷன் கார்டில் பெயர் எப்படிச் சேர்ப்பது, இப்படி. அந்த நாட்களில் யாரும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. கூடைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. வயல்கள் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தன. நான் சொன்னது சரி என்று எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போவேன். சொல்லிக் கேட்க வேறு ஆள் இல்லை. பள்ளியிலிருந்த மற்ற ஆசிரியைகளுக்கு இது ஒரு பந்தாட்டச் சண்டை. "இதுக்குப் போயா?" என்பார்கள்.

ஒரு நாள் பிற்பகல் தம்பி போட்டின் நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டுக் காலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அவன் எழுந்து போகமுடியாதபடி வலையின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நாளைக்குடா பேச மாட்ட?"

"மேனேஜரு பாய்கிட்ட போயி பேசு. ஒனக்கு அவருதான வேணும்."

"அவருக்காக இல்ல. ஒனக்குன்னு ஒரு விதி, மத்தவனுக்கு ஒரு விதின்னு இருக்கக் கூடாதுன்னுதான். போன வருசம் அந்த விதியாலதான நீ எறங்குன?"

"போன வருசம் அப்பா கையி நல்லா இருந்துச்சு."

"அது சரி. ஆனா வராதவன் வராதவன்தான. காரணம் கேக்க ஆரம்பிச்சா எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும். நான் காலேசுக்கு ஒரு நாள் லீவு போட்டிருக்கனா?"

அவன் கையை நிறுத்தினான். நண்டுக் காலை மணலில் போட்டான். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்பவன் மாதிரிக் கேட்டான்.

"அந்த லீவெல்லாம் யாருக்கா போட்டா?"

நான் டீ டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ஒனக்குப் பரிச்ச வந்தப்ப அப்பாவுக்கு மஞ்சக்காமால. நான் பத்தாவது. கடைசி டெர்முக்கு நான் போனேனா? ஒன்னைய கொற சொல்லல. நல்லா படிச்ச. நானும் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத்தான் திரியறேன், எங்க அக்கா டீச்சருன்னு. ஆனா விதி விதின்னு எங்கிட்ட வந்து சொல்லாத."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே நீட்டினான். எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடுத்த ஞாயிறு, விடியும்போது மைதானத்துக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருக்கும் மணல் திடல் அது. மேனேஜர் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வந்திருந்தவர்கள் எல்லோரும் விசைப்படகுப் பையன்கள். தூங்கி எழுந்த முகம், நல்ல ஓட்டம், சிரிப்பு. சரியான நேரத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வெளிச்சம் வந்துகொண்டிருந்த கடலில், ஃபைபர் போட்டுகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. அதில் ஏதோ ஒன்றில் தம்பி வலை இழுத்துக்கொண்டிருப்பான். மேனேஜர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பெயர்களைக் கூப்பிட்டார். அங்கே இருந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

விதி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்தரை மணி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கணக்கு டீச்சரான எனக்கு இது தெரிய இவ்வளவு நாள் ஆனது. இதே பிராக்டிஸ் மாலை நாலரைக்கு இருந்தால் இரண்டு பக்கத்துப் பையன்களும் வரலாம். வராதவனை உட்கார வைக்கலாம், தாராளமாக. அப்போது அது விதி.

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது டவுனில் இறங்கி அவர் கடைக்குப் போனேன். பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒரு குடும்பம் சக்கரம் வைத்த பெட்டியைத் தரையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன்.

"சாயங்காலம் மாத்திட்டீங்கன்னா போதும் பாய். கூட்டத்துல நான் பேசிக்கிறேன். நீங்களே இருக்கலாம்."

அவர் யோசித்தார். "சாயங்காலந்தான் டீச்சர் வியாபாரமே. அசர் தொழுதுட்டு வந்தா ராத்திரி வரைக்கும் எந்திரிக்க முடியாது. காலையில யாரும் பெட்டி வாங்க வரமாட்டாங்க."

"தடைக்காலம் முடியிற வரைக்கும் மட்டும் பாய். யாரையாவது கடையில..."

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "இப்ப மாத்துனா, நீக்கிருவாங்கன்னு பயந்து மாத்துனாருன்னு ஆகும். அப்புறம் நான் சொல்லி எந்தப் பையன் கேப்பான்? அஞ்சரைன்னா அஞ்சரை. அதுல நான் ஒரு நாள் தப்புனதில்ல."

தப்பியதில்லைதான். அந்த இடத்தில் நான் அவரிடம் என்னையே பார்த்தேன். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

இரண்டாவது கூட்டம் அதே கூடத்தில். இந்த முறை முன்கூட்டியே எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து, மேனேஜர் இருக்கட்டும், நேரம் மட்டும் மாலைக்கு மாறட்டும் என்று சொன்னேன். பெரியப்பா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நியாயமாகவே, "அத அவருல்ல ஒத்துக்கணும்" என்று வெளியே ஆள் அனுப்பினார். போனவன் உடனே வந்துவிட்டான். "காலையில அஞ்சரைதான் முடியும்னு சொல்லிட்டாரு."

"வேற யாரும் பேசணுமா?" என்றார் பெரியப்பா.

தட்டு சுற்றியது. என்னிடம் வந்தது. இந்த முறை யாரும் 'எடு' என்று சொல்லவில்லை. நல்ல மேனேஜர் அவர், ஆனால் எங்கள் ஊருக்குப் பாதி நாள்தான், காலையில் மட்டும்தான், அவர் மேனேஜர். பாதி நாள் மேனேஜரை வைத்துக்கொண்டு முழு விதியைக் கேட்க முடியாது. இதை நான் சொல்ல வாயெடுத்தேன். சொல் வருமுன் விரல் வெற்றிலையை எடுத்துவிட்டது.

அதோடு கூடம் கலகலத்துவிட்டது. மாமா தொடையில் தட்டினார். "ரத்தம் எங்க போவும். தம்பிய விட்டுக் குடுத்துருவாளா எம் மருமவ?" பெரியப்பா என் தலையில் கை வைத்தார். "சின்ன புள்ளைங்க. கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் வழிக்கு வரும்." நான் மேனேஜரின் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். பழைய கோலி ஒருவர்தான் கேட்டார். அவரும், "ஆமா ஆமா, நான் சாயங்காலமே வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வஞ்சிர மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போக வேண்டிய மீன். வழக்கமாக எங்கள் வீட்டில் அது வறுபடுவதில்லை. பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கூடைகளை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்டாள். பதில் சொன்னேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து தூங்கினாள். ஆட்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டார்கள். முதல் தடவை எடுக்காமல் இருந்தபோது நான் எதற்காக எடுக்கவில்லை என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கழகத்தின் பந்துகளும் காற்றடிக்கும் பம்பும் மேனேஜரிடம் இருந்தன. செயலாளர் நான், வாங்கி வரவேண்டியதும் நான். கடைக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று அடுக்கி வைத்துக்கொண்டேன். ஐந்தரை மணி, கடலில் இருந்த போட்டுகள், அவர் முதுகு. அவர் ஒரு வலைப் பையில் பந்துகளை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். எல்லாவற்றையும் துடைத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் லேசா காத்து எறங்குது. பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

"பாய், நான் வந்து..."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். கூடப் பொறந்தவன்ல. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." அவர் மன்னிக்கிற மாதிரிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார். "தம்பிக்கு எடது காலு நல்ல காலு. அந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு வேணாம்."

அவர் யாருக்கும் சலுகை தராதவர் என்றுதான் நான் அத்தனை நாள் அவர் பக்கம் நின்றிருந்தேன். கடைசியில் அவரும் எனக்கு ஒரு சலுகை கொடுத்துவிட்டார். வாயில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டாவது கோப்பையிலும் நாங்கள் ஜெயிக்கவில்லை. அரையிறுதியிலேயே வெளியே வந்தோம். தம்பி முழு ஆட்டமும் ஆடினான். இடது பக்கம் நின்று ஒரு கோல் போட்டான், நல்ல கோல். இரண்டு வாய்ப்பைத் தவறவிட்டான். பழைய கோலி ஓரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். தோற்ற பிறகு எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் நான் பெரியப்பாவிடம், போன தடவை தோற்றபோது போட்டது போலக் கூட்டம் எப்போது என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அன்று மாலை தம்பியோடு கரை ஓரமாக வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் விடியலுக்குத் தொழிலுக்குப் போகவேண்டும் என்பதால் எஞ்சினுக்கு டீசல் வாங்கிக்கொண்டு வந்தான். கேனை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். திடீரென்று கேட்டான்.

"நீ எதுக்குக்கா வெத்தல எடுத்த?"

அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் நின்றேன். முழுக்கச் சொன்னேன். ஐந்தரை மணி எப்படி அவனைப்போன்றவர்களை வெளியே தள்ளியது, நேரத்தை மாற்ற நான் கடைக்குப் போய்க் கேட்டது, அவர் மறுத்தது, அவர் மாற்றியிருந்தால் நான் இந்த முறையும் எடுத்திருக்கமாட்டேன் என்பது, எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப எனக்காக எடுக்கல."

"இல்லடா."

கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு சிரித்தான்.

"போக்கா. எனக்காகத்தான் எடுத்தேன்னு ஊரே சொல்லிக்கிட்டுத் திரியிது. அம்மா வஞ்சிரமெல்லாம் வறுத்துச்சு. அப்புடியே இருந்துட்டுப் போவட்டும். எனக்கும் நல்லாருக்குல்ல."

நான் பதில் சொல்வதற்குள் கேனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அப்பா போட்டின் பக்கத்தில் ஆறிய கையால் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவன் அதற்குள் தண்ணீர் ஓரம் போய்விட்டான். கேட்டானா என்று தெரியவில்லை.